கடல்நீர் அழித்த மூன்று தாள்கள்

2014ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் ஹூட்ஹூட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது. அப்போது நான் அந்நகரில் எங்கள் கிளையொன்றில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். மின்சாரமும் தொலைத்தொடர்பும் ஓரளவு மீண்டு, கிளையின் கதவுகளைத் திறந்த நாள்களில், பணம் எடுக்க நின்றவர்களின் வரிசைக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசையும் நின்றது. அதில் நின்றவர்களின் கைகளில் நனைந்த தாள்கள் இருந்தன. கணக்குப் புத்தகங்கள், வைப்பு ரசீதுகள், காப்பீட்டுப் பத்திரங்கள், வீட்டுப் பத்திரங்கள். சிலர் அவற்றைச் செய்தித்தாள்களுக்கு இடையே பொதிந்து கொண்டுவந்தனர். ஒருவர் சோற்றுத் தட்டில் பரப்பி, காற்றில் பறக்காதவாறு மேலே கரண்டியைப் பாரமாக வைத்து ஏந்தி வந்தார்.

அவர்களுள் பதினாறு வயது மதிக்கத்தக்க ஒரு பெண்ணும் அவளுடைய தம்பியும் இருந்தனர். கூரை பறந்துபோன வீட்டில் தாய் இருக்கவேண்டியிருந்ததால் பிள்ளைகள் வந்திருந்தனர். தந்தை சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்தவர். மூன்று ஆண்டுகளாக அவரிடமிருந்து எந்தச் செய்தியும் இல்லை. அவர் விட்டுச்சென்ற வைப்பு ரசீதில் தொகை தெளிவாக இருந்தது. பெயரில் ‘ராவு’ என்னும் பின்பாதி மட்டும் எஞ்சியிருந்தது. கணக்கு எண்ணின் முதல் நான்கு இலக்கங்களுக்குப் பிறகு ஒரு நீலக்கறை. சிறுவன் தன் பள்ளிக் குறிப்பேட்டையும் கூடவே கொண்டுவந்திருந்தான். தந்தை எந்தெந்தத் துறைமுகத்திலிருந்து பேசினார் என்பதை அவன் அதில் வரிசையாக எழுதி வைத்திருந்தான். சிங்கப்பூர், கொழும்பு, துபாய், டர்பன். வங்கிக்கு அது ஓர் ஆவணமாகாது. ஆயினும் அவன் அதை என் மேசைமேல் வைத்தான்.

அந்தத் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோது, பள்ளி நாள்களில் நூலகத்தில் படித்த ஒரு நாவல் என் நினைவுக்கு வந்தது. அதிலும் கடலோடியான ஒரு தந்தை, ஓர் அக்காள், ஒரு தம்பி, நீரால் அழிந்த தாள்கள். அன்று மாலையே அதை மறுபடி படிக்கவேண்டும் என்று தோன்றியது. படித்தேன். அதன் பிறகு என் பிள்ளைகளுக்கும் இரவுதோறும் சில பக்கங்களாக வாசித்துக் காட்டியிருக்கிறேன். வாசகர்களுடன் அதைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பங்குச் சந்தையிலிருந்து வந்த எழுத்தாளர்

நாவலின் பெயர் ‘கேப்டன் கிராண்டின் பிள்ளைகள்’. எழுதியவர் பிரெஞ்சு நாவலாசிரியர் ஜூல்ஸ் வெர்ன். 1828இல் நான்த் என்னும் துறைமுக நகரில் ஒரு வழக்கறிஞரின் மகனாகப் பிறந்தவர். நிதித்துறையில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அவர்மேல் ஒரு தனி உரிமை உண்டு. 1857இல் திருமணமான பின், குடும்பத்தை நடத்துவதற்காக அவர் பாரிஸ் பங்குச் சந்தையில் தரகராகப் பணியாற்றினார். விடியற்காலையில் எழுந்து எழுதிவிட்டுப் பிறகு சந்தைக்குச் செல்வாராம். பலூன் பயணத்தைப் பற்றிய அவருடைய முதல் நாவல் 1863இல் வெளிவந்து பெயர் பெற்ற பின்னரே அந்தத் தொழிலிலிருந்து விடுபட்டார்.

‘கேப்டன் கிராண்டின் பிள்ளைகள்’ 1865ஆம் ஆண்டு முதல், இளையோருக்கான ஒரு பிரெஞ்சு இதழில் தொடராக வந்து பின்னர் மூன்று பாகங்களாக நூலுருப் பெற்றது. 1962இல் டிஸ்னி நிறுவனம் இதைப் படமாக்கியது. படத்தைப் பார்த்தவர்களும் நூலைப் படிக்கலாம். படத்தில் இல்லாத ஒன்று நூலில் இருக்கிறது. கிழிந்த ஒரு சொல்லைப் பல பொறுப்புள்ள மனிதர்கள் மீண்டும் மீண்டும் தவறாகப் படிப்பதை, அந்த நூல் பொறுமையாக, படிப்பவர் பதறும்படி, மூன்று பாகங்களுக்கும் கொண்டுசெல்கிறது.

கதை 1864ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் ஸ்காட்லாந்துக் கடற்பகுதியில் தொடங்குகிறது. கிளெனார்வன் பிரபு தமது புதிய நீராவிக் கப்பலான ‘டங்கன்’ மீது, புதுமனைவி ஹெலெனாவுடன் வெள்ளோட்டம் போகிறார். மாலுமிகள் ஒரு சுறாவைப் பிடிக்கின்றனர். சுறாவின் வயிற்றைக் கிழித்துப் பார்ப்பது அக்காலத்து மாலுமிகளின் வழக்கம். உள்ளே ஒரு புட்டி. புட்டிக்குள் மூன்று தாள்கள். ஒரே செய்தி ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு என மூன்று மொழிகளில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் கடல்நீர் புகுந்து ஒவ்வொரு தாளிலும் பெரும்பகுதியை அரித்துவிட்டது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றில் இல்லாததை மற்றொன்றிலிருந்து நிரப்பினால் இவ்வளவு தெரிகிறது: 1862ஆம் ஆண்டு, கிளாஸ்கோ நகரத்தின் ‘பிரிட்டானியா’ என்னும் மூன்று பாய்மரக் கப்பல் மூழ்கியது, கேப்டன் கிராண்டும் இரண்டு மாலுமிகளும் உயிருடன் இருக்கின்றனர், இடம், தெற்கே 37 பாகை 11 கலை அட்சரேகை. தீர்க்கரேகை எழுதியிருந்த இடம் அழிந்துவிட்டது.

அட்சரேகை மட்டும் தெரிந்தால் என்ன பயன் என்று என் மகள் கேட்டாள். நிலவுருண்டையைக் கொண்டுவந்து 37ஆம் பாகையில் ஒரு நூலைச் சுற்றிக் காட்டினேன். அந்த நூல் தென் அமெரிக்காவின் சிலி, அர்ஜென்டினா நாடுகளைக் கடந்து, அட்லாண்டிக்கையும் இந்தியப் பெருங்கடலையும் தாண்டி, ஆஸ்திரேலியாவின் தென்கோடியையும் நியூசிலாந்தையும் தொட்டு, பசிபிக்கைக் கடந்து புறப்பட்ட இடத்துக்கே வருகிறது. சுற்றளவு ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர். கேப்டன் கிராண்ட் இந்தக் கோட்டின்மேல் எங்கோ இருக்கிறார். வாடிக்கையாளரின் கணக்கு எண் தெரிகிறது, எந்த ஊர்க் கிளை என்று மட்டும் தெரியவில்லை என்றால் அக்காலப் பேரேடுகளில் தேடுபவனின் நிலை எதுவோ, அதுவே கிளெனார்வன் பிரபுவின் நிலை.

தந்தை விட்டுச்சென்றது

செய்தித்தாளில் அறிவிப்பு வெளியானதும் இரண்டு பிள்ளைகள் பிரபுவின் மாளிகைக்கு வருகின்றனர். மேரிக்கு 16 வயது. ராபர்ட்டுக்கு 12. ராபர்ட் பிறந்தபோதே தாய் இறந்துவிட்டாள். தந்தை ஹாரி கிராண்ட் கடலோடி மட்டுமல்லர், ஒரு கனவைச் சுமந்தவர். இங்கிலாந்தின் ஆட்சியில் ஸ்காட்லாந்து மக்களுக்கு நீதி கிடைக்காது என்று கருதி, பசிபிக் பெருங்கடலில் அவர்களுக்கென ஒரு குடியேற்றத்தை அமைக்க இடம் தேடிப் புறப்பட்டவர். அரசு அதை விரும்பவில்லை. அவரோ ஒத்த மனமுடைய மாலுமிகளைச் சேர்த்துக்கொண்டு, பிள்ளைகளை டண்டீ நகரில் ஒரு வயதான உறவுப் பெண்மணியிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினார். 1862 மே மாதத்துக்குப் பிறகு அவரைப் பற்றிய தகவல் இல்லை. அந்த முதியவளும் காலமானாள். பதினான்கு வயதுப் பெண், தம்பிக்குத் தாயானாள்.

இங்கே ஒரு வங்கியாளனுக்கு எழும் கேள்வியை நான் மறைக்கப்போவதில்லை. தாயில்லாத இரு குழந்தைகளை விட்டுவிட்டு உலகின் மறுகோடிக்குப் போகலாமா? போவதற்கு முன் அவர்களுக்குப் போதிய ஏற்பாடு செய்திருக்க வேண்டாமா? சிக்கனத்தாலும் இரவு பகல் உழைப்பாலும் மேரி தம்பியை வளர்த்தாள் என்று வெர்ன் எழுதும்போது, கேப்டனின்மேல் எனக்குச் சினமே வந்தது. நாவல் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. பிள்ளைகளும் கேட்பதில்லை. தந்தை எதற்காகப் போனார் என்பது அவர்களுக்குத் தெரியும். அதை அவர்கள் தங்கள் சொத்தாகக் கருதினர். அவர் திரும்பி வரமாட்டார் என்று நம்ப மறுத்தனர்.

உதவி கேட்டு லண்டன் சென்ற பிரபுவிடம் கடற்படைத் தலைமையகம் கையை விரித்துவிடுகிறது. ஆவணம் தெளிவாக இல்லை, இடம் தெரியவில்லை, தேடும் பரப்போ மிகப் பெரிது என்பது பதில். அலுவலக நடைமுறைப்படி பார்த்தால் அந்தப் பதிலில் குற்றம் காண்பது கடினம். நானும் அத்தகைய பதில்களை எழுதியிருக்கிறேன். மேரி அரசியிடமே சென்று மன்றாடுவேன் என்கிறாள். அப்போது ஹெலெனா தன் கணவரிடம், நம் கப்பலிலேயே நாம் போகலாம் என்று சொல்கிறாள்.

ஹெலெனா ஏன் அப்படிச் சொன்னாள்? சிறுவயதில் நான் கவனிக்காமல் கடந்துபோன ஒரு வரி இதற்கு விடையாக இருக்கிறது. அவள் பிரபு குலத்துப் பெண் அல்லள். புவியியல் ஆய்வுப் பயணத்தில் உயிரிழந்த ஒரு நாடாய்வாளரின் மகள். எனவே இந்த நாவலில் பயணம் போய் வராத தந்தையர் இருவர். ஒருவரைத் தேட இயலாது. அவருடைய மகள்தான் மற்றவரைத் தேடக் கப்பலைப் புறப்படச் செய்கிறாள். இதை வெர்ன் உரக்கச் சொல்வதில்லை.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். கேப்டன் கிராண்ட் இந்த நாவலின் கடைசிப் பக்கங்களில்தான் நேரில் தோன்றுகிறார். அதுவரை அவர் மூன்று தாள்களும் இரண்டு பிள்ளைகளுமாகவே இருக்கிறார். ராபர்ட் ஒரு செயலைத் துணிவுடன் செய்யும்போதெல்லாம், இவன் அவருடைய மகன் என்று மற்றவர்கள் சொல்கின்றனர். பார்த்தறியாத ஒரு மனிதரை அவருடைய மகனின் நடத்தையிலிருந்து அவர்கள் அறிந்துகொள்கின்றனர்.

ஆண்டிஸ் மலைத்தொடரைக் கடக்கும்போது நிலநடுக்கம் ஏற்பட்டு, குழு மலைச்சரிவில் தூக்கியெறியப்படுகிறது. ராபர்ட்டைக் காணவில்லை. நாள் கணக்கில் தேடிக் களைத்து நிற்கையில், காண்டோர் என்னும் பெரும் கழுகு ஒன்று அவனைக் கால்களில் பற்றித் தூக்கிப் பறப்பதைக் காண்கின்றனர். தால்காவ் என்னும் பட்டகோனிய வழிகாட்டி கழுகைச் சுட்டு வீழ்த்த, விரிந்த சிறகுகளே சிறுவனைத் தாங்கிக் கீழே இறக்குகின்றன. இதை வாசித்த இரவு என் மகன் உறங்கவில்லை. ஒரு பறவையால் பன்னிரண்டு வயதுப் பையனைத் தூக்க முடியுமா என்று மறுநாள் காலை அவனே கேட்டான். முடியாதுதான். ஆனால் பம்பாஸ் புல்வெளியில் வரும் ஓநாய்க் காட்சியைப் பற்றி அவன் அப்படிக் கேட்கவில்லை. தோட்டாக்கள் தீர்ந்து, ஓநாய்க் கூட்டம் சூழ்ந்துகொள்ளும் இரவில், மற்றவர்களைக் காக்க ஒருவர் குதிரையில் பாய்ந்து ஓநாய்களைத் தம் பின்னால் இழுத்துச் செல்லவேண்டும். நான் போகிறேன், நான் போகிறேன் என்று பெரியவர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கும்போதே ராபர்ட் குதிரையின்மேல் தாவிச் சென்றுவிடுகிறான்.

தவறான கப்பலில் ஏறிய புவியியலாளர்

நாவலின் உயிர் ஜாக் பகனெல் என்னும் பிரெஞ்சுக்காரர். பாரிஸ் புவியியல் கழகத்தின் செயலர். உலக வரைபடம் முழுவதும் அவருடைய தலைக்குள் இருக்கிறது. ஆனால் எதிரே இருக்கும் பொருள் கண்ணில் படாது. கல்கத்தாவுக்குப் போகும் ‘ஸ்கோஷியா’ கப்பலில் ஏறுவதாக எண்ணி, இரவில் ‘டங்கன்’ கப்பலில் ஏறித் தூங்கிவிட்டவர். ஸ்பானிய மொழி கற்பதாக நினைத்துக்கொண்டு அல்லும் பகலும் போர்த்துகீசியம் கற்றவர்.

அவர் இந்தியாவுக்கு வர விரும்பிய காரணம் வேடிக்கையானதன்று. திபெத்தில் ஓடும் சாங்போ ஆறும் அசாமில் ஓடும் பிரம்மபுத்திராவும் ஒன்றுதானா என்பதைக் கண்டறியவே அவர் புறப்பட்டார். அன்றைய புவியியலில் அது விடை காணாத உண்மையான வினா. கற்பனைப் பகனெல் வழி தவறிச் சிலிக்குப் போய்விட்டார். உண்மையில் அந்த வேலையைச் செய்தவர்கள் நம்மவர்கள். இந்நாவல் தொடராக வந்துகொண்டிருந்த அதே காலத்தில், குமாவுன் மலைப்பகுதியைச் சேர்ந்த நயின் சிங் ராவத், யாத்ரீகர் வேடத்தில் ஒவ்வோர் அடியையும் எண்ணிக்கொண்டே நடந்து 1866 ஜனவரியில் லாசாவை அடைந்தார். அவருடைய ஜெபமாலையில் 108 மணிகளுக்குப் பதில் 100 மணிகளே இருந்தன. எண்ணுவதற்கு வசதி!

அவருக்குப் பின் 1880இல் அனுப்பப்பட்டவர் சிக்கிமைச் சேர்ந்த கின்துப். எழுதப் படிக்கத் தெரியாதவர். அடையாளமிட்ட 500 மரக்கட்டைகளை, நாளுக்கு 50 வீதம் சாங்போவில் விடவேண்டும். அசாமில் ஆற்றங்கரையில் காத்திருப்போர் அவற்றைக் கண்டால் இரண்டும் ஒரே ஆறு என்று மெய்ப்படும் என்பது திட்டம். உடன் சென்றவனே அவரை அடிமையாக விற்றுவிட்டான். தப்பினார். ஆயினும் ஊர் திரும்பவில்லை. சொன்ன வேலையை முடிப்பதற்காக மீண்டும் ஆற்றங்கரைக்குப் போனார். இன்ன நாளில் கட்டைகளை விடுகிறேன் என்று பிறரைக் கொண்டு கடிதம் எழுதி அனுப்பிவிட்டு, சொன்னபடியே 500 கட்டைகளையும் விட்டார். கடிதம் உரியவரின் கைக்கு உரிய காலத்தில் போய்ச் சேரவில்லை. கட்டைகள் மிதந்து சென்ற நாள்களில் கரையில் பார்க்க ஒருவரும் இல்லை. கேப்டன் கிராண்டின் புட்டி கற்பனை. அதையாவது ஒரு சுறா விழுங்கியது.

நாவலுக்குத் திரும்புவோம். ஆவணத்தைப் படிப்பது பகனெலின் பொறுப்பாகிறது. பிரெஞ்சுத் தாளில் ‘கோனி’ என்று முடியும் ஒரு சொல்: பட்டகோனியா. ‘இண்டி’ என்று தொடங்கும் ஒரு சொல்: செவ்விந்தியர். ‘அபோர்’ என்னும் எழுத்துகள்: பிரெஞ்சு மொழியில் கரை சேர்வதைக் குறிக்கும் சொல்லின் தொடக்கம். எனவே கேப்டன் தென் அமெரிக்காவில் கரை சேர்ந்து செவ்விந்தியரிடம் சிறைப்பட்டிருக்கிறார்! எல்லாரும் மகிழ்கின்றனர். கண்டத்தையே கடந்து அட்லாண்டிக் கரை வரை நடக்கின்றனர். கேப்டன் இல்லை.

பகனெல் மறுபடி படிக்கிறார். ‘ஆஸ்திரால்’ என்பதை இவ்வளவு நாள் ‘தெற்கு’ என்று எண்ணினோமே, அது ஆஸ்திரேலியா அல்லவா? ‘இண்டி’ என்பது அந்நாட்டுப் பழங்குடிகளைக் குறிக்கும் சொல் அல்லவா? மீண்டும் எல்லாரும் மகிழ்கின்றனர். ஆஸ்திரேலியாவில் ஐர்ட்டன் என்பவன் எதிர்ப்படுகிறான். பிரிட்டானியா கப்பலில் பணிபுரிந்ததற்கான சான்றுகளை அவன் காட்டுகிறான். சான்றுகள் உண்மையானவை. அவன் சொல்வதுதான் பொய். கேப்டன் அவனை நடுவழியில் கப்பலிலிருந்து இறக்கிவிட்டிருந்தார். இப்போது அவன் தப்பியோடிய கைதிகளின் தலைவன். ‘டங்கன்’ கப்பலைக் கைப்பற்றுவது அவன் திட்டம். உண்மையான கையொப்பத்துடன் வரும் பொய்யை எங்கள் துறையில் இருப்பவர்கள் நன்கு அறிவார்கள்.

இந்தப் பாகத்தில் வரும் தோலினே என்னும் சிறுவனை மறக்க இயலாது. வெள்ளையரின் பள்ளியில் படித்துப் புவியியலில் முதற்பரிசு பெற்ற ஆஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவன். பகனெல் அவனிடம் கேள்வி கேட்கிறார். உலகின் ஒவ்வொரு நாடும் ஆங்கிலேயருக்கே உரியது என்று அவன் தயங்காமல் விடை சொல்கிறான். பிரான்சும் அப்படித்தானாம்! பகனெல் சிரித்துப் புரள்கிறார். 1860களில் இந்தியாவில் படித்த நம் முன்னோருக்கும் ஏறத்தாழ அதே பாடம்தான் நடத்தப்பட்டிருக்கும் என்பதால் எனக்கு அவ்வளவு சிரிப்பு வரவில்லை.

நியூசிலாந்துப் பகுதியை விரைந்து கடக்கிறேன். வெர்ன் அங்கெல்லாம் போனவர் அல்லர். நூலகத்தில் அமர்ந்து எழுதியவர். மவோரி மக்களைப் பற்றி அவர் எழுதியிருப்பவற்றில் பல அக்கால ஐரோப்பியரின் தப்பெண்ணங்கள். பிள்ளைகளுக்கு வாசிக்கும்போது நான் அங்கங்கே நிறுத்தி விளக்கவேண்டியிருந்தது. அங்கும் கேப்டன் இல்லை என்பதே கதைக்குத் தேவையான செய்தி.

ஒரு தீவு, இரண்டு பெயர்கள்

தேடல் தோற்றது. கப்பல் ஊர் திரும்பவேண்டும். சிறைப்பிடிக்கப்பட்ட ஐர்ட்டனை வழியில் ஆளில்லாத ஒரு தீவில் இறக்கிவிடுவதென முடிவாகிறது. வரைபடத்தில் பசிபிக்கின் நடுவே, அதே 37ஆம் பாகையில், மரியா தெரேசா என்னும் சிறு தீவு இருக்கிறது. அங்கே போகின்றனர்.

இரவு. கப்பல் கரைக்குச் சற்றுத் தொலைவில் நிற்கிறது. மேரியும் ராபர்ட்டும் மேல்தளத்தில் இருளைப் பார்த்தபடி நிற்கின்றனர். ராபர்ட் தன் முடிவைச் சொல்கிறான். இதுவரை நீ எனக்காக உழைத்தாய், இனி நான் உழைப்பேன், கடலோடியாவேன், அப்பாவைத் தேடுவதை நான் விடமாட்டேன் என்கிறான். அப்போது கடலிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. உதவி கேட்டு அலறும் குரல். இருவருக்கும் அது யாருடையது என்று ஐயமில்லை. மற்றவர்கள் ஓடி வருகின்றனர். ஒன்றும் கேட்கவில்லை. ஏங்கிய மனத்தின் மயக்கம் என்று பரிவோடு சொல்லி அவர்களைத் தேற்றுகின்றனர்.

விடிகிறது. கரையில் மூன்று மனிதர்கள் நிற்கின்றனர்.

தந்தையும் பிள்ளைகளும் தழுவிக்கொண்டு அழுது ஓய்ந்த பின், பகனெலுக்கு ஒரே ஒரு கவலைதான். அந்தத் தாளில் நீங்கள் உண்மையில் எழுதியது என்ன? கேப்டன் மனப்பாடமாகச் சொல்கிறார். ‘கோனி’ பட்டகோனியாதான், ஆனால் அங்கிருந்து எவ்வளவு தொலைவில் கப்பல் மூழ்கியது என்று கணக்குச் சொல்ல அவர் எழுதிய சொல். ‘ஆஸ்திரால்’ தெற்கேதான். ‘இண்டி’ செவ்விந்தியரும் அல்ல, பழங்குடியினரும் அல்ல. வறுமை என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல். கரை சேர்தல் என்று எல்லாரும் நம்பிய ‘அபோர்’ ஓர் ஊர்ப்பெயரின் பின்பாதி. தபோர். தபோர் தீவு.

ஆனால் இது மரியா தெரேசா அல்லவா என்று பகனெல் அலறுகிறார். ஆம், ஆங்கிலேய, ஜெர்மானிய வரைபடங்களில் அப்படி. பிரெஞ்சு வரைபடங்களில் தபோர் என்கிறார் கேப்டன். பிரெஞ்சுத் தாளில் எழுதும்போது பிரெஞ்சு வரைபடத்திலுள்ள பெயரை எழுதியிருக்கிறார். கேப்டன் செய்ததில் எந்தத் தவறும் இல்லை. பிரெஞ்சுக்காரரான, புவியியல் கழகத்தின் செயலரான பகனெலுக்கு அந்தப் பெயர் தெரியாததுமில்லை. மேஜர் மெக்நாப்ஸ் அவருடைய தோளில் ஓங்கிக் குத்துகிறார். அதைப் பகனெல் ஏற்றுக்கொள்கிறார்.

இதில் ஒரு வேடிக்கை. அந்தத் தீவே உலகில் இல்லை. 1843இல் ஒரு திமிங்கில வேட்டைக் கப்பலின் தலைவர் அப்பகுதியில் பாறைத்திட்டு ஒன்றைக் கண்டதாகக் குறித்தார். கப்பலின் பெயரால் ஒருசாராரும், தலைவரின் பெயரைத் திரித்து மற்றொருசாராரும் அதை வரைபடத்தில் ஏற்றினர். பிற்காலத்தில் தேடிப்போனவர்கள் கண்டது ஆழ்கடல் மட்டுமே. வெர்ன் எழுதிய காலத்தில் அது மெய்யான நிலமாகவே வரைபடங்களில் இருந்தது.

விசாகப்பட்டினத்தில் நானும் ஒரு பகனெலாக மூன்று வாரங்கள் இருந்தேன். அந்தப் பெண் சொன்ன தந்தையின் பெயரைக் கணினியில் விதவிதமாக இட்டுத் தேடினேன். கணக்கு அகப்படவில்லை. கிளை மாறிச் சென்றிருக்கலாம், முன்பே முடித்திருக்கலாம் என்று எனக்கு நானே காரணங்கள் சொல்லிக்கொண்டேன். ஓய்வுபெறும் வயதில் இருந்த எங்கள் எழுத்தர் ஒருவர் அந்தப் பெண்ணிடம் ஒரே கேள்வி கேட்டார்: ‘இன்டி பேரு ஏமிட்டம்மா?’ தெலுங்கர்களுக்கு வீட்டுப் பெயர் முன்னே வரும். நம் ஊரில் தந்தை பெயரை முதலெழுத்தாக்குவதுபோல அவர்கள் அதை முதலெழுத்தாக்குவர். பழைய பேரேட்டிலிருந்து கணினிக்கு மாற்றியவர் வீட்டுப் பெயரை முழுமையாகவும், அவருடைய சொந்தப் பெயரை ஒற்றை எழுத்தாகவும் ஏற்றியிருந்தார். வீட்டுப் பெயரை இட்டதும் கணக்கு திரையில் வந்து நின்றது. தமிழனாகிய நான் தமிழ்ப் பெயரைத் தேடுவதுபோலத் தேடியிருக்கிறேன். என் தோளில் குத்த அங்கே எந்த மேஜரும் இல்லை. எழுத்தர் சிரித்ததோடு சரி.

காணாமற்போனவரின் கணக்கைப் பற்றி வாசகர்கள் அறிந்துகொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றி, இயல்பாக அறிந்திருக்கக்கூடியவர்களுக்கு எந்தத் தகவலும் இல்லையெனில், அவர் உயிருடன் இருக்கிறார் என்று சொல்பவரே அதை மெய்ப்பிக்கவேண்டும் என்பது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் முதல் இன்றுவரை உள்ள விதி. ஆனால் ஒவ்வொரு சிறு தொகைக்கும் குடும்பத்தாரை நீதிமன்றத்துக்கு அலைய விடாதவாறு, வங்கிகள் தமக்குள் ஒரு வரம்பை வகுத்துக்கொண்டு, காவல்துறையின் முதல் தகவல் அறிக்கை, கண்டுபிடிக்க இயலவில்லை என்னும் அறிக்கை, ஈட்டுறுதிக் கடிதம் ஆகியவற்றைப் பெற்று உரிமைக் கோரிக்கையைத் தீர்க்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2008இல் அறிவுறுத்தியது. இதையெல்லாம் நான் அந்தப் பெண்ணிடம் விளக்கினேன். என்னென்ன தாள்கள் வேண்டும் என்று எழுதியும் கொடுத்தேன். அவளுடைய வீட்டில் அப்போது கூரைகூட இல்லை என்பது என் நினைவில் இருந்தது.

அவள் பட்டியலைப் படித்துப் பார்த்துவிட்டு மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். பணம் வேண்டாம் என்றாள். நகல் ரசீது மட்டும் போதும். ‘நான்னா வந்து கேட்டால் காட்டவேண்டும் அல்லவா?’ என்றாள். நகல் ரசீது தருவதற்கும் வைப்புதாரரின் கையொப்பம் வேண்டும் என்று நான் சொல்லவேண்டியிருந்தது. முடிவில், கணக்கு எண்ணைத் தம்பியின் குறிப்பேட்டில், துறைமுகப் பெயர்களுக்குக் கீழே, பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வோர் இலக்கத்தையும் அவன் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தான். தாய் மட்டும் எப்போது வேண்டுமானாலும் வந்து என்னைப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். 2016இல் நான் அங்கிருந்து மாற்றலானேன். அதுவரை அவர்கள் வரவில்லை.

கேப்டன் கிராண்டின் கதை அந்தத் தீவோடு முடியவில்லை. 1874, 1875 ஆண்டுகளில் வெளிவந்த ‘மர்மத் தீவு’ நாவலின் கடைசிப் பக்கங்களில், எரிமலை வெடித்து ஒரு தீவு முழுவதும் கடலில் மூழ்கிவிடுகிறது. எஞ்சிய ஒரு பாறையின்மேல் ஆறு மனிதர்கள் சாகும் தறுவாயில் கிடக்கின்றனர். அவர்களுள் ஒருவன், திருந்தி மனிதனாகிவிட்ட ஐர்ட்டன். அடிவானத்தில் ஒரு கப்பல் தெரிகிறது. அது ‘டங்கன்’. அதைச் செலுத்தி வருபவன் ராபர்ட் கிராண்ட். தன் தந்தைக்கு எதிராகக் கலகம் செய்ய முயன்றவனை, தண்டனைக் காலம் போதும் என்று மீட்டுச் செல்ல, தபோர் தீவுக்கு வந்திருக்கிறான் மகன்.

தபோரில் ஐர்ட்டன் இல்லை. அங்கிருந்து வெகு தொலைவிலுள்ள, எந்த வரைபடத்திலும் இல்லாத இந்தத் தீவுக்கு அவனை வரச்செய்தது எது? தபோரில் ஒரு தாள் இருந்தது என்கிறான் ராபர்ட். அதை அங்கே வைத்துச் சென்றவர் கேப்டன் நெமோ. கடலடிக் கப்பலில் வாழ்ந்த அந்த மனிதர் உண்மையில் தக்கார் என்னும் இந்திய இளவரசர், புந்தேல்கண்டு மன்னரின் மகன், 1857ஆம் ஆண்டு எழுச்சியில் போரிட்டு மனைவியையும் இரு குழந்தைகளையும் இழந்தவர் என்று அதே நாவலில்தான் வெர்ன் வெளிப்படுத்துகிறார்.

அந்தத் தாளை ராபர்ட் எடுத்து நீட்டுகிறான். ஈரம் படாத தாள். தீவின் இருப்பிடம் அதில் குறிக்கப்பட்டிருந்தது. அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும்.